நாக்குப்பூச்சி எண்ணும் வேலை

புதுச்சேரியில் ஐப்பசி மழை பிடித்து, மண் ஒரு சாண் ஆழத்துக்கு ஊறிய பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். அதற்கு முன் மண்வெட்டியோடு போனால் வெறும் கட்டிதான் பெயரும். கார்த்திகை பிறந்தால் பாகூர்ப் பக்கத்து வாழைக் கொல்லைகளிலும் வில்லியனூர்த் தோப்புகளிலும் தரையெங்கும் சின்னச் சின்ன மண்குருணைக் குவியல்கள் எழும்பியிருக்கும். அவற்றைப் பார்த்ததும் பையை இறக்கிவைத்துவிடுவோம்.

விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். பாம்பு, பறவை, பட்டாம்பூச்சி என்று எல்லாருக்கும் ஒரு பிடித்தம் இருந்தது. ஊரார் நாக்குப்பூச்சி என்று சொல்லும் மண்புழுவுக்குத்தான் ஆள் இல்லை. மாதிரி எடுப்பது, கழுவுவது, பதப்படுத்துவது, இனம் பிரித்துப் புட்டியில் சீட்டு ஒட்டுவது என்று என் காலம் முழுக்க அதிலேயே போனது. அதற்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை.

குழி எடுக்கும் முறை நாங்களாக வகுத்தது அல்ல. வெப்பமண்டல மண்ணுயிர் ஆய்வுக்கென வகுத்த அளவு அது. 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் ஆழம். சதுரத்தைச் சுற்றி முதலில் பள்ளம் பறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்வெட்டியின் அதிர்வு பட்டதுமே புழு பக்கவாட்டில் நழுவிவிடும். பிறகு நடுவில் நிற்கும் மண்பாளத்தை அடுக்கடுக்காகப் பெயர்த்து ஒரு தார்ப்பாயில் போட்டு, கையால் உதிர்த்துத் தேட வேண்டும். எந்திரம் எதுவும் இந்த வேலைக்கு உதவாது. விரல்தான் கருவி. கிடைத்த எண்ணிக்கையைப் பதினாறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு வந்துவிடும். சொல்ல எளிது. ஒரு குழி மண்ணை ஒழுங்காகத் தேடி முடிக்க முதுகு ஒடிந்துவிடும். வேரோடு வேராக ஒட்டிக்கிடக்கும் நூல் போன்ற குட்டிகளை விடாமல் எடுப்பவன்தான் நல்ல ஆள் என்பார் எங்கள் மூத்த அண்ணன்.

பாகூரில் ஒரு வயலோரம் இப்படி உட்கார்ந்திருந்தபோது களையெடுக்க வந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏந்தம்பி, நாக்குப்பூச்சிய எண்ணி என்னா பண்ணப் போற? அது உங்கிட்ட சம்பளமா கேக்குது?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவரே போகும்போது சொன்ன செய்தியைத்தான் அன்று குறிப்பேட்டில் முதலில் எழுதினேன். முன்பெல்லாம் நாற்றங்காலுக்கு மண் கொத்தும்போது கொத்துக்கொத்தாக வருமாம். குருணை மருந்து போட ஆரம்பித்த பிறகு வரப்புப் பக்கம்தான் இருக்கிறதாம். கார்போபியூரான், போரேட் வகைக் குருணை மருந்துகள் மண்புழுவைக் கொல்வதில் மிகக் கொடியவை என்பது மண்ணியலார் நெடுநாளாகச் சொல்லிவருவது. அந்தப் பெரியம்மாவுக்கு மருந்தின் வேதிப்பெயர் தெரியாது. புழு எங்கே ஒதுங்கியது என்று தெரிந்திருந்தது.

புழுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதுதான் எனக்கு உயிரான பகுதி. நீரில் கழுவி, நீர்த்த சாராயத்தில் மெல்ல மெல்ல மயக்க வேண்டும். அவசரப்பட்டு நேராக ஃபார்மலினில் போட்டால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பிறகு அதை எந்த அறிஞராலும் படிக்க முடியாது. மயங்கியதும் தட்டில் நீட்டிவைத்து, அசைவு நின்ற பின் ஃபார்மலின். ஒரு நாள் கழித்து உருப்பெருக்கியின் கீழே வைத்து ஊசிமுனையால் வளையங்களை எண்ணத் தொடங்குவேன்.

வாயிருக்கும் வளையம் ஒன்று. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால், முதிர்ந்த புழுவில் ஓரிடத்தில் வளையங்களின் கோடு மங்கி, தோல் தடித்து, நிறம் மாறி ஒரு பட்டை வரும். பாடப்புத்தகத்தில் கிளைடெல்லம் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பட்டை எந்த வளையத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. 14 முதல் 17 வரை பட்டை, 18-இன் அடிப்புறத்தில் ஆண் துளைகள், முன்பகுதியில் இலேசான ஊதாச் சாயல், ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி வட்டமாக நுண்முட்கள். இப்படி அமைந்தால் அது லாம்பிட்டோ மாரிட்டி. நம் ஊர் மண்புழு என்று தயங்காமல் சொல்லலாம். பின்புறத்திலிருந்து தலைப்பக்கமாக விரலை இழுத்தால் அந்த முட்களின் சொரசொரப்பு தட்டுப்படும். வளையத்துக்கு எட்டே எட்டு முட்கள், இரண்டிரண்டாக நெருங்கி, ஆண் துளை வெகு முன்னால் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் என்றால் அது டிராவிடா. எட்டு முட்களும், பதினெட்டுக்கு முன்னும் பின்னும் 17-இலும் 19-இலும் சுரப்பித் துளைகளும் தெரிந்தால் ஆக்டோகீட்டோனா பக்கம் போக வேண்டும். அதற்கு மேல் இனம் வரை போவதற்கு வயிற்றைக் கீறித்தான் ஆக வேண்டும். அரைவைப் பை எத்தனை, எந்த வளையத்தில், விந்துப் பைகள் எத்தனை இணை என்று பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது.

பட்டை விழாத குட்டிகளுக்குப் பெயரே வைக்க முடியாது. மழை தொடங்கிய புதிதில் எடுக்கும் மாதிரியில் இளசுகள்தான் நிறைய இருக்கும். அவற்றையெல்லாம் 'இளசு, இனம் தெரியாது' என்று எழுதித் தனிப் புட்டியில் போடுவோம். மண்புழுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த இளசுக் கணக்கு எங்கே என்று நான் முதலில் தேடுவேன். அதை நேர்மையாகத் தனியே காட்டியவரின் மற்ற எண்களையும் நம்பலாம்.

புதுச்சேரி சிறிய நிலப்பகுதிதான். ஆனால் மண் ஒரே மாதிரி இல்லை. நகரம் உட்கார்ந்திருப்பது கடலோர மணலில். கோரிமேட்டில் ஏறினால் செம்மண் தொடங்கி காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் வரை போகும். கடலூர் மணற்பாறை கரைந்து உண்டான மண் அது. தெற்கே சங்கராபரணிக்கும் தென்பெண்ணைக்கும் இடையில் பாகூரின் வண்டல். ஊசுட்டேரியைச் சுற்றிக் களிமண். ஒரே நாளில் மிதிவண்டியில் சுற்றிவிடலாம். ஆனாலும் புழுக்களுக்கு இவை வெவ்வேறு நாடுகள்.

வண்டலிலும் தோட்ட மண்ணிலும் லாம்பிட்டோவின் ஆட்சி. அது ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை. ஈரம் இருக்கும்போது மேலே வந்து மக்கிய இலையும் சாணமும் மண்ணோடு சேர்த்துத் தின்று, குருணைக் குவியலாக மேலே தள்ளும். காய்ந்தால் ஆழத்துக்கு இறங்கிவிடும். சாணக்குழியைக் கிளறினால் வருவது வேறு ஆள்: மேல்புறம் கரும்ஊதா, அடிப்புறம் வெளிர், தொட்டால் துள்ளி நெளியும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். இதற்கு மண் பெரிதாகத் தேவையில்லை. மக்கும் குப்பை போதும். கோயில்காடுகளின் அடிமண்ணிலோ வெளிறிய, நிறமற்ற, மந்தமான புழுக்கள். அவை மேலே எட்டியே பார்ப்பதில்லை. மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து முடிப்பவை. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற இடங்களில், நம் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் இன்னும் நிற்கிறது. மரங்களைப் பற்றி அங்கே புதுவைப் பல்கலைக்கழகத்தார் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த மரங்களின் கீழே மண்வெட்டி படாத மண் இருப்பது எனக்கு இன்னும் பெரிய செல்வமாகத் தெரியும்.

மேலே வாழ்வது, உள்ளே வாழ்வது, இரண்டுக்கும் இடையே போய்வருவது என்று மண்புழுக்களை வாழ்முறையால் மூன்றாகப் பிரித்தவர் மார்செல் பூஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர். பிரான்சின் மண்புழுக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1972-இல் வந்தது. அவருடைய பிரிவினை ஐரோப்பியப் புழுக்களை வைத்துப் போட்டது. நம் லாம்பிட்டோவை அதில் எந்தப் பெட்டியில் வைப்பது என்று கட்டுரைக்குக் கட்டுரை கருத்து மாறும். என் அனுபவத்தில் அது பருவத்துக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் புழு. கார்த்திகையில் பார்த்தவர் ஒன்று சொல்வார், தையில் பார்த்தவர் வேறு சொல்வார்.

ஒரு வரலாற்றுச் செய்தி எனக்கு எப்போதும் வியப்பு. யூஜினி என்ற ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1851 முதல் 1853 வரை உலகைச் சுற்றியது. அதில் போன விலங்கியலாளர் கின்பர்க். அவர் 1867-இல் வெளியிட்ட புழுப் பட்டியலில்தான் லாம்பிட்டோ மாரிட்டி முதன்முதலில் பெயர் பெற்றது. மொரீஷியஸ் தீவில் கிடைத்த புழு, ஆகவே அந்தப் பெயர். ஆனால் அதன் தாய்நிலம் தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த பகுதி. மொரீஷியசுக்கு அது எப்படிப் போயிருக்கும்? செடிகளின் வேர்மண்ணோடுதான் மண்புழுக்கள் கடல் கடக்கின்றன என்பது உலகெங்கும் ஏற்ற முடிவு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறிப் போனார்கள். ஆளும் சாமானும் செடியும் ஓயாமல் போய்வந்த கடல்வழி அது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதற்குப் பெயரிட்டவர் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எட்மண்ட் பெரியே, ஆண்டு 1872, அவர் கையில் இருந்தவை சைகோனிலிருந்து வந்த புழுக்கள். பின்னாளில் எத்தனையோ புதுச்சேரிக் குடும்பங்கள் அரசு உத்தியோகத்துக்குப் போய்ச் சேர்ந்த அதே சைகோன். நம் கொல்லையில் நெளியும் இரண்டு புழுக்களும் நம் மக்கள் பிழைக்கப் போன ஊர்களில் பெயர் பெற்றிருக்கின்றன.

கின்பர்க்கின் அதே பட்டியலில் இன்னொரு பெயரும் உண்டு. கப்பலின் பெயரையே தாங்கிய யூட்ரிலஸ் யூஜினியே. செயின்ட் ஹெலினா தீவில் பிடித்தது, பூர்வீகம் ஆப்பிரிக்கா. இன்று மண்புழு உரத் தொட்டிகளில் நீலப் பளபளப்போடு பெரிதாக வளரும் அந்தப் புழுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதோடு ஐரோப்பாவின் ஐசீனியா பெடிடாவும் இங்கே வந்து சேர்ந்தது. இரண்டும் குப்பையை வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும். தொட்டியில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. என் சண்டையெல்லாம் அவற்றை வயலில் கொட்டுவதோடுதான்.

பலர் என்னிடம் வந்து சொல்வார்கள்: "சார், கிலோக் கணக்கில் புழு வாங்கி நிலத்தில் விட்டேன், ஒரு மாசத்தில் ஒண்ணுகூடக் காணோம்." காணாமல்தான் போகும். யூட்ரிலஸ் குப்பையில் வாழும் புழு. வெயிலேறிய, இலைதழை இல்லாத வயல்மண்ணில் அது இறங்கி வாழ வழியில்லை. குப்பையை உரமாக்கும் புழு வேறு, மண்ணை உழும் புழு வேறு. சென்னை நியூ காலேஜில் இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார். உரத்துக்கும் நிலத்துக்கும் பெரியோனிக்ஸ், லாம்பிட்டோ என்ற உள்ளூர்ப் புழுக்களையே கொண்டு அவர் முறை வகுத்தார். நம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும் ஆகாயத்தாமரையை மண்புழு உரமாக்கும் சோதனையை 2001 வாக்கில் செய்தபோது, யூட்ரிலஸோடு பெரியோனிக்ஸ், லாம்பிட்டோ, டிராவிடா வில்சி என்ற நம் நாட்டு இனங்களையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாட்டுப் புழுவால் முடியாது என்று யாராவது சொன்னால் இதையெல்லாம் நினைவுபடுத்துவேன்.

வந்தேறிகளில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது உரத்தொட்டிப் புழு அல்ல. பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ருரஸ் என்று ஒன்று. 1850-களில் பிரேசிலில் ஃபிரிட்ஸ் முல்லர் அடையாளம் கண்டது. வெளிர் நிறம்; வால்பக்கத்தில் முட்கள் வரிசை மாறி மாறி அமைந்து துடைப்பம் போலத் தட்டுப்படும். விரலில் ஒருமுறை பட்டால் மறக்காது. இது பெரும்பாலும் இணை சேராமலே முட்டையிடும். ஆகவே ஒரு பூந்தொட்டி மண்ணில் ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தாலும் குடும்பம் பெருகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் எரிக் பிளான்ஷாரும் ஜே.எம். ஜுல்காவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, காடு அழிந்த இடங்களில் நாட்டுப் புழுக்கள் குறைவதைக் காட்டியது. அப்படிக் காலியாகும் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் பொன்டோஸ்கோலெக்ஸ் கெட்டிக்காரப் புழு. அமேசானில் காட்டை அழித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலங்களில் இந்த ஒரே புழு பெருகி, அதன் கழிவு மண்ணை இறுகச் செய்து, நீர் இறங்காமல் அடைத்துவிட்டதை 1999-இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. மண்புழு என்றாலே உழவனின் நண்பன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த மண்புழு, எந்த மண்ணில் என்று கேட்ட பிறகுதான் நண்பனா இல்லையா என்று சொல்ல முடியும்.

நம் நகரத்துத் தாவரவியல் பூங்காவுக்கு 1826 முதல் வெளிநாட்டுச் செடிகள் வந்துகொண்டிருந்தன. இப்போது நாற்றுப் பண்ணைகளுக்கு வாரந்தோறும் லாரியில் செடிகள் வருகின்றன. பைமண்ணோடு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு முறை, அடுக்குமாடி வீட்டு மாடித்தோட்டம் ஒன்றில், தரையையே பார்க்காத தொட்டியில், அந்தத் துடைப்பவால் புழுவை எடுத்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி, தன் தொட்டியில் தானாகவே மண்புழு வந்துவிட்டது என்று.

கோடை வந்தால் ஊரே புழுவை மறந்துவிடும். சித்திரை, வைகாசியில் குழி வெட்டினால் முதல் அடியில் ஒன்றும் இருக்காது. இன்னும் ஆழமாக, ஈரம் கொஞ்சம் தங்கிய இடத்தில், கோலிக்குண்டு அளவு அறை ஒன்றில் லாம்பிட்டோ முடிச்சாகச் சுருண்டு கிடக்கும். அறையின் உள்சுவர் வழவழப்பாகப் பூசியிருக்கும். கையில் எடுத்தால் உடனே அசையாது. உடல் மெலிந்து, பட்டைகூட மங்கியிருக்கும். ஈரத் துணியில் வைத்தால் சற்று நேரத்தில் மெல்லத் தலையை நீட்டும். இந்தக் கோடை உறக்கம் தெரியாதவர்கள்தான், மே மாதத்தில் மண்ணைக் கொத்திப் பார்த்துவிட்டு, நிலத்தில் புழுவே இல்லை, வாங்கி விட வேண்டும் என்று கிளம்புகிறார்கள்.

இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பதும் அப்படி ஒரு நம்பிக்கை. எல்லாப் புழுவுக்கும் அது பொருந்தாது. வால் நுனி போனால் பல இனங்கள் வளர்த்துக்கொள்ளும். தலைப்பகுதி போனால் பெரும்பாலானவை செத்துவிடும். பெரியோனிக்ஸ் மட்டும் இதில் பலே ஆள். அதன் மறுவளர்ச்சித் திறனைத் தனியே ஆராய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கேட்கும்போது, வெட்டிப் பார்க்காதீர்கள், நான் தட்டில் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக் காட்டுவேன்.

பிள்ளைகளுக்கு இந்தப் புழு அந்நியமும் அல்ல. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல் லாம்பிட்டோ மாரிட்டியைத்தான் மாதிரி உயிராக விளக்குகிறது. வடக்கே கே.என். பாஹ்ல் 1926-இல் பெரிடிமாவைப் பற்றி எழுதிய நூல் நாட்டின் மற்றப் பாடநூல்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. நம் மாணவன் நம் கொல்லைப் புழுவையே படிப்பது நல்ல ஏற்பாடு. அதற்கும் முன்பே, சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் நாங்கூழ்ப் புழு என்ற மண்புழுவின் உழைப்பைப் புகழ்ந்து ஒரு பகுதி வருகிறது. டார்வின் மண்புழுவைப் பற்றித் தன் கடைசி நூலை 1881-இல் வெளியிட்டுப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது. நீலகிரியிலிருந்து கிடைத்த பெரிய புழுமண் குவியல்களை டார்வின் அந்த நூலில் குறிப்பிடுகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த ஆல்பிரட் கிப்ஸ் போர்ன் 1886-இல் நீலகிரி, சேர்வராயன் மலைகளின் புழுக்களைப் பற்றி எழுதினார். ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளரின் மண்புழுப் பெருந்தொகுப்பு 1923-இல் வந்தது. ஜுல்கா 1988-இல் ஆக்டோகீட்டிடே குடும்பத்துக்குத் தனி நூல் தந்தார். இந்த நூல்களின் நகல்கள் என் மேசையில் அழுக்கேறிக் கிடந்தன. வளைய எண்ணில் ஐயம் வந்தால் அவற்றைத்தான் புரட்டுவேன்.

இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட மண்புழு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைக் கீறிப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். மரபணு வரிசை பார்த்து இனம் சொல்லும் காலம் வந்துவிட்டது, நல்லதுதான். அதற்கும் முதலில் ஒருவர் குழிக்குள் இறங்க வேண்டும். சரியான பெயரோடு ஒரு புட்டி அலமாரியில் இருக்க வேண்டும். விலங்கியல் படிக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளில் ஒருவராவது இந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. வருகிறவருக்கு ஊசி பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லித்தர நான் இருக்கிறேன்.

கொல்லையோ தோட்டமோ வைத்திருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உதிர்ந்த இலையைக் கொளுத்தாதீர்கள், மரத்தடியிலேயே கிடக்கட்டும். முற்றம் முழுக்க சிமெண்ட் பூசாதீர்கள். புதுச் செடி வாங்கினால் பைமண்ணை உதிர்த்துப் பார்த்து நடுங்கள். உரத்தொட்டிப் புழுவைத் தொட்டியிலேயே வையுங்கள். காசு கொடுத்துப் புழு வாங்குமுன், அடுத்த கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில், ஓரடிச் சதுரத்துக்கு மண்ணைப் பெயர்த்து ஒரு சாக்கின் மேல் உதிர்த்துப் பாருங்கள். ஏழெட்டு லாம்பிட்டோ நெளிந்தால் உங்களுக்கு வேறு புழு வேண்டியதில்லை.